அடைக்கலமாய் வந்த பெயர்

வெளியூர் செல்பவர் வீட்டுச் சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுச் செல்வார். மகள் திருமணத்திற்கெனச் சேர்த்த நகையை நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் கொடுத்து வைப்பாரும் உளர். இவை அடைக்கலப் பொருள்கள். இவற்றிற்குச் சில இயல்புகள் உண்டு. கொடுத்தவர், யாரிடம் கொடுத்தார் என்பதை அறிவார். வேண்டும்போது திருப்பிக் கேட்பார். பொருள் தொலைந்துபோனால், தொலைந்தது கண்ணுக்குத் தெரியும். இவ்வியல்புகளுள் ஒன்றேனும் இல்லாத ஓர் அடைக்கலப் பொருளை இக்காலத்து மனிதன் நாள்தோறும் பலரிடம் கொடுத்து வருகிறான். அவனுடைய பெயர், பிறந்த நாள், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவையே அப்பொருள். வங்கியில் கொடுக்கிறான், மருத்துவமனையில் கொடுக்கிறான், கைத்தொலைபேசிக்கு ஒரு சிம் அட்டை வாங்கும் கடையிலும் கொடுக்கிறான். கொடுத்த இடங்களை அவனால் எண்ணிச் சொல்ல இயலாது; கொடுத்ததைத் திருப்பிப் பெறவும் இயலாது. அது களவு போனாலும் அவனிடமே இருப்பதுபோல் தோன்றும்.

இதனைக் காத்து வைத்திருப்பவர் தவறவிட்டால், அவர் செய்ய வேண்டிய கடமை யாது? தவறவிடப்பட்டதை வழியில் கண்டெடுத்தவர் யாது செய்யலாம்? இவ்வினாக்கள் கணினி அறிஞர்க்கு உரியவை என்று ஒதுக்கப்படுகின்றன. ஆனால் இவை அறநூல் சார்ந்த வினாக்கள். தமிழ் படித்தவர்க்கு மிக நெருங்கியவை.

நெகிரி செம்பிலானில், ரந்தாவ் வட்டாரத்தைச் சேர்ந்த சிற்றூராகிய கோலா சாவாவையும் அதன் சுற்றுப்புறத் தோட்டங்களையும் எடுத்துக்கொள்ளலாம். மலாய் மொழியில் 'சாவா' என்னும் சொல் நெல்வயலைக் குறிக்கும். ஆயினும் தமிழர் இப்பக்கத்திற்கு வந்தது நெல் விளைக்க அன்று. பால்மரம் சீவவே வந்தனர். தோட்டத்தில் கால் வைத்த நாளிலேயே அவர்களுடைய பெயர் ஓர் ஏட்டில் ஏறியது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் கிராணியின் கையிலிருந்த செக்ரோல் புத்தகமே அந்த ஏடு. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்பன அதில் இருந்தன. காதில் விழுந்தவாறு கிராணி எழுதிய பெயரே பின்னாளில் ஒருவருடைய சட்டபூர்வமான பெயராகவும் ஆயிற்று. தகப்பன் பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் மறு தாளில் வேறுவிதமாகவும் அமைந்து, அதனால் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் சிக்கலான குடும்பங்கள் தோட்டப்புறங்களில் பல.

அந்நாளிலும் இரகசியம் கசியாமல் இல்லை. அலுவலகத்தில் அறிந்த ஒரு செய்தி மாலைக்குள் கள்ளுக்கடைக்கு வந்துவிடும். இன்னார் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது குழாயடியில் பேச்சாகும். அது துன்பமே. எனினும் அத்துன்பத்திற்கு ஓர் எல்லை இருந்தது. பேச்சு தோட்டத்து எல்லையைத் தாண்டுமுன் களைத்துவிடும். சொன்னவர் யார் என்பதும் பெரும்பாலும் தெரிந்திருக்கும்; அவர் முகத்தைப் பார்த்து, "ஏன் சொன்னாய்?" என்று கேட்க முடிந்தது.

செக்ரோல் புத்தகத்திற்குப் பின் வந்தது அடையாள அட்டை. 1948ஆம் ஆண்டு மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது பன்னிரண்டு வயதிற்கு மேற்பட்டோர் அனைவரும் பதிவு செய்யப்பட்டு அட்டை வழங்கப்பட்டது. காடுகளில் இருந்த போராளிகளையும் ஊரில் இருந்த மக்களையும் பிரித்தறிய அரசு கண்ட வழி அது. அச்சத்தில் பிறந்த அந்த அட்டை, நாளடைவில் உரிமையின் அடையாளமாக மாறிற்று. குடியுரிமை பெற்றவர் நீல அட்டையும், பெறாத நிரந்தரவாசிகள் சிவப்பு அட்டையும் வைத்திருந்தனர். 1969ஆம் ஆண்டிற்குப் பின் குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்தபோது, தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். தங்கியோருள்ளும் பலர் சிவப்பு அட்டையுடன் முதுமை எய்தினர். ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவு செய்வதற்காக 2011 பிப்ரவரியில் 'மைடாஃப்தார்' என்னும் இயக்கம் நடத்தப்பட்டது என்றால், விடுதலை பெற்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அக்குறை தீரவில்லை என்பது விளங்கும். பழைய பிறப்புப் பத்திரத்தையும் பள்ளிச் சான்றையும் நெகிழிப் பையில் பொதிந்துகொண்டு பதிவிலாகாவின் வாசலில் காத்திருந்தோர், பன்னிரண்டு இலக்கம் கொண்ட ஓர் எண்ணுக்காகவே காத்திருந்தனர்.

அந்த எண் வெறும் எண்ணும் அன்று. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் திங்களையும் நாளையும் கூறும். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலத்தைக் கூறும். நெகிரி செம்பிலானில் பிறந்தவர்க்கு அது 05. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். எண்ணைக் கேட்டவன் வயதையும் ஊரையும் பாலையும் கேட்காமலே அறிகிறான். 2001ஆம் ஆண்டு 'மைகார்டு' என்னும் நுண்சில்லு அட்டை வந்த பின் இவ்வெண்ணே வங்கிக்கும், ஊழியர் சேமநிதிக்கும், மருத்துவமனைக்கும் திறவுகோல் ஆயிற்று.

2017 அக்டோபரில் அது நிகழ்ந்தது. லோயாட்.நெட் என்னும் மலேசிய இணையத்தளம், நாட்டு மக்களின் விவரத் தொகுதிகளை ஒருவர் விற்க முயல்வதாகச் செய்தி வெளியிட்டது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் வேண்டுகோளின் பேரில் முதற்செய்தி நீக்கப்பட்டது. அம்மாத இறுதியில் முழு அளவு வெளியாயிற்று: 46.2 மில்லியன் கைத்தொலைபேசி எண்கள். அப்போது நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 32 மில்லியன். ஒருவரே பல எண்கள் வைத்திருந்தமையால் எண்கள் மக்களை விஞ்சின. எண்ணோடு பெயர், அடையாள அட்டை எண், முகவரி ஆகியவையும் இருந்தன. வேலை தேடுவோர் பதிந்த ஜாப்ஸ்திரீட் தளத்தின் விவரங்களும், மருத்துவர் அமைப்புகள் சிலவற்றின் விவரங்களும் அக்குவியலில் கிடந்தன. கோப்புகளில் காணப்பட்ட குறிப்புகள் 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஆக, கசிவுக்கும் செய்திக்கும் இடையே மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. அம்மூன்று ஆண்டுகளும் கோலா சாவாவிலோ சிரம்பானிலோ இருந்த ஒருவர் தம் பெயர் எங்கோ விலைபோவதை அறியாமல் உறங்கி எழுந்திருக்கிறார்.

இங்கு ஒரு மெய்ப்பொருள் வினா எழுகிறது. எதை இழந்தார் அவர்? மாட்டைத் திருடியவன் மாட்டைக் கொண்டு போகிறான், தொழுவம் வெறுமையாகிறது. விவரத்தைத் திருடியவன் எடுத்த பின்னும் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. உடைமை குறையவில்லை. ஆகவே இதனைக் களவு என்பதே பொருந்தாது என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் ஒரு பெரிய உண்மையைத் தவறவிடுகிறது. இழந்தவன் தான் இழந்ததை அறியாதிருப்பதே இக்களவின் தனித்தன்மை. தொழுவம் வெறுமையானால் மாட்டுக்காரன் கூவுவான், தேடுவான், அடுத்த இரவு விழித்திருப்பான். தொழுவம் நிறைந்தே இருந்தால் அவன் எதற்காக விழித்திருப்பான்? களவு நடந்ததை அறிந்தவர் இருவரே: கவர்ந்த கள்வன் ஒருவன்; காக்கத் தவறி, தவறியதைக் கண்டுகொண்ட காவலன் மற்றொருவன். கள்வன் பேசமாட்டான். காவலனும் பேசாதிருந்தால், அவ்விருவருடைய மௌனமும் ஒரே மௌனமாகிறது. எண்ணம் வேறாயினும் பயன் கள்வனுக்கே.

மேலும் ஒன்று. கதவின் பூட்டு உடைந்தால் புதுப் பூட்டு வாங்கலாம். கடவுச்சொல் வெளிப்பட்டால் வேறு கடவுச்சொல் வைக்கலாம். பிறந்த நாளை மாற்ற இயலுமா? 05 என்னும் இலக்கத்தைத் துறந்து வேறு மாநிலத்தில் பிறந்திருக்க இயலுமா? தாயின் பெயரை மாற்றலாமா? சிந்திய விவரத்தை அள்ளவும் முடியாது, மாற்றவும் முடியாது. எனவே காவலனால் திருப்பித் தரக்கூடிய பொருள் என்று எதுவும் மிஞ்சவில்லை. அவன் கையில் எஞ்சியிருப்பது ஒரு சொல்லே: "உம்முடையது என் கையிலிருந்து போய்விட்டது, இனி விழிப்பாய் இரும்" என்னும் சொல். பட்ட கடன் முழுவதும் அச்சொல்லாக மாறிவிடுகிறது. தவறவிட்டது முதற் குற்றம். அது சில வேளைகளில் அறியாமையால் நேர்வது, மன்னிக்கத் தக்கது. சொல்லாமல் விட்டதோ அறிந்து செய்வது.

சொல்லாமைக்கு அதிகாரிகள் கூறும் காரணம் ஒன்று உண்டு. மக்கள் கலங்குவர், ஆகவே ஆராய்ந்து முடியும்வரை அமைதி காப்பதே நலம் என்பர். இது முழுதும் புறக்கணிக்கத் தக்கது அன்று. துளை அடைபடுமுன் துளை இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் அறிவித்தால் மேலும் பல கள்வர் அவ்வழியே புகுவர். திருக்குறள் படித்தவர் வாய்மை அதிகாரத்தையும் இவர்களுக்குத் துணைக்கு அழைக்கக்கூடும். தீமையற்ற சொல்லே வாய்மை என்றும், நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் வள்ளுவர் கூறியிருக்கிறார் அன்றோ? ஆனால் அவர் அந்நன்மைக்கு ஒரு நிபந்தனை இட்டார்: அது குற்றமற்ற நன்மையாக இருத்தல் வேண்டும். மௌனத்தால் நிறுவனத்தின் பெயர் காக்கப்படுகிறது. பங்கின் விலை காக்கப்படுகிறது. பொறுப்பாளரின் பதவி காக்கப்படுகிறது. விவரத்தை இழந்தவருக்கு அதனால் கிடைக்கும் நன்மை யாது என்று கேட்டால் விடை இல்லை. நன்மை ஒருவருக்கும் கேடு மற்றொருவருக்கும் போய்ச் சேரும்போது, அந்த மௌனத்தை வள்ளுவர் பெயரால் காக்க முடியாது. சில நாள் தாமதம் என்பது வேறு. மூன்று ஆண்டு என்பது வேறு.

கேடு எவ்வாறு வருகிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். கோலா சாவாவில், பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் தொலைபேசி ஒலிக்கிறது. பேசுபவன் தன்னைக் காவல்துறை அதிகாரி என்கிறான். அவருடைய முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்கிறான். பன்னிரண்டு இலக்கத்தையும் தடுமாறாமல் ஒப்பிக்கிறான். பழைய தோட்ட வீட்டு முகவரியையும் கூறுகிறான். உங்கள் பெயரிலுள்ள கணக்கில் போதைப்பொருள் பணம் புரண்டிருக்கிறது, கைதாகாமல் இருக்க வேண்டுமானால் சேமிப்பை அரசாங்கக் கணக்குக்கு மாற்றுங்கள் என்கிறான். இவ்வகை ஏமாற்று மலேசியாவில் 'மக்காவ் மோசடி' என வழங்கப்படுகிறது. மூதாட்டி நம்புவது பேதைமையால் அன்று. அவர் வாழ்நாள் முழுதும் அந்த எண்ணைக் கேட்டவர்கள் அரசாங்கத்தாரும் தோட்ட அலுவலகத்தாருமே. அதனை அறிந்தவன் அரசாங்கத்தைச் சேர்ந்தவனாகவே இருப்பான் என்று அவர் கருதுவது, அனுபவத்திலிருந்து எழுந்த சரியான அனுமானம். சிந்திக்கிடந்த உண்மைகளைக் கள்வன் பொறுக்கியெடுத்து, அவற்றின்மேல் தன் ஒரே பொய்யை நிறுத்துகிறான். பொய்க்குக் கால் இல்லை. உண்மையே அதற்குக் காலாகிறது.

"ஏழையிடம் எடுத்துச் செல்ல என்ன இருக்கிறது?" என்று தோட்டப்புறங்களில் சொல்வது உண்டு. பணிவாக ஒலிக்கும் இச்சொல் பிழையானது. பணம் இல்லாதவரிடமும் பெயர் இருக்கிறது. அப்பெயரில் சிம் அட்டை பதியலாம்; கடன் கேட்கலாம்; பிறருடைய மோசடிப் பணத்தைச் சுமக்கும் வங்கிக் கணக்கு நடத்தலாம். அத்தகைய கணக்கை மலாய்மொழியில் 'அக்காவுன் கெல்டாய்' என்பர். கழுதைக் கணக்கு என்பது பொருள். பொதி யாருடையது என்று ஆராயுமுன் காவலர் கழுதையின் உரிமையாளர் வீட்டுக் கதவையே தட்டுவர். செல்வருக்கு வழக்கறிஞர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் எண்ணுக்காகக் காத்திருந்து பெற்றவருக்கு, அந்த எண்ணே தமக்கு எதிர்ச்சாட்சி சொல்லும்போது பேச ஆள் இல்லை. பதிவேட்டில் இடம் பெறாதிருந்ததால் துன்புற்ற ஒரு சமூகம், பதிவேட்டில் இடம் பெற்றதாலும் துன்புறுவது வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்று.

இனிக் கண்டெடுத்தவரின் அறத்திற்கு வரலாம். 2017 நவம்பரில் கீத் ரொசாரியோ என்னும் மலேசியக் கணினி எழுத்தாளர் 'சாயா கெனா ஹேக்' என்ற பெயரில் ஒரு தளத்தை அமைத்தார். ஒருவர் தம் அடையாள அட்டை எண்ணை இட்டால், கசிந்த குவியலில் தம் விவரம் இருக்கிறதா என்று அறியலாம். தொலைபேசி எண் ஒரு பகுதி மறைக்கப்பட்டே காட்டப்பட்டது. ஆணையம் சில நாள்களில் அத்தளத்தை முடக்கியது. பிறர் விவரங்களை இசைவின்றிச் சேர்த்து வைத்திருப்பது 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானது என்பது கூறப்பட்ட காரணம்.

எழுத்தின்படி நோக்கினால் அக்காரணம் பிழையன்று. களவுப் பொருளைக் கையில் வைத்திருப்பவர், நல்ல நோக்கத்தோடு வைத்திருந்தாலும் வைத்திருப்பவரே. ஆயினும் அன்றைய நிலையை எண்ணிப் பார்த்தால் ஒரு முரண் தோன்றும். குவியல் கள்வர் பலரிடம் இருந்தது. அவர்களைத் தேடிப் பிடிப்பது எளிதாக இல்லை. உரியவரிடம் "உம்முடையதும் இதில் இருக்கிறது" என்று சொன்ன ஒரே இடம் மூடப்பட்டது. சொல்லவேண்டிய கடமை உடையவர் சொல்லாதபோது, கடமை இல்லாத ஒருவர் சொன்னார். சட்டம் அவரையே தடுத்தது. இந்தியாவிலும் இதுபோல் நிகழ்ந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24இல் தீர்ப்பளித்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், 2018 ஜனவரியில் 'தி டிரிபியூன்' நாளிதழின் செய்தியாளர் ரச்னா கைரா, ஐந்நூறு ரூபாய்க்கு ஆதார் விவரங்களைக் காணும் வழி விற்கப்படுவதை வெளிப்படுத்தினார். ஆதார் ஆணையம் காவல்துறையிடம் அளித்த புகாரில் அச்செய்தியாளரின் பெயரும் நாளிதழின் பெயரும் இடம்பெற்றன. ஓட்டையைச் சுட்டிய விரல் வெட்டப்படுமானால், அடுத்த ஓட்டையைச் சுட்ட யார் விரல் நீட்டுவார்?

அதற்காகக் கண்டெடுத்தவர்க்கு எல்லா உரிமையும் உண்டு என்று கொள்வதற்கும் இல்லை. இதில் ஆஸ்திரேலியரான டிராய் ஹண்ட் என்பாரின் நடைமுறை ஆராயத் தக்கது. கசிந்த தொகுதிகளைத் தேடித் திரட்டி, மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு தம் விவரம் வெளிப்பட்டதா என்று எவரும் அறியும் ஒரு தளத்தை அவர் 2013 டிசம்பரில் தொடங்கினார். 2015ஆம் ஆண்டில் ஆஷ்லி மேடிசன் என்னும் தளத்தின் உறுப்பினர் விவரங்கள் களவாடப்பட்டு வெளியிடப்பட்டன. அது மணமானோர் மறைவான உறவு தேடும் தளம். அங்கு ஒருவர் பெயர் இருக்கிறது என்று சொல்வதே அவருடைய குடும்பத்தைக் குலைக்கும். ஹண்ட் அத்தொகுதியை எல்லாரும் தேடும் வகையில் வைக்க மறுத்தார். அந்த மின்னஞ்சல் தமக்கே உரியது என்று மெய்ப்பித்தவர்க்கு மட்டுமே விடை கிடைக்கும்படி செய்தார். அவ்வுறுப்பினர்களின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் தீர்ப்புக் கூறவில்லை, கூறவும் தேவையில்லை. உரியவரிடம் சொல்வது அறம். உரியவரைப் பற்றி ஊரிடம் சொல்வது புறங்கூறல். கண்டெடுத்தவர் நடக்கவேண்டிய வழி இவ்விரண்டிற்கும் நடுவே மிகக் குறுகியதாக அமைந்திருக்கிறது. வேண்டிய அளவுக்கு மேல் வைத்திராமை, வேறொருவர்க்குக் காட்டாமை, விலை பேசாமை ஆகியன அவ்வழியின் வரம்புகள்.

காவலனின் கடமைக்குத் தமிழில் மிக உயர்ந்த எடுத்துக்காட்டு உண்டு; அது மாணவர் அனைவரும் படிக்கும் காப்பியத்தில் இருந்தும் அதிகமாகப் பேசப்படாதது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அடைக்கலக் காதை என்றே அப்பகுதிக்குப் பெயர். கோவலன் கொலையுண்டதில் மாதரிக்கு எள்ளளவும் பங்கில்லை. பொய் சொன்னவன் பொற்கொல்லன், கட்டளையிட்டவன் அரசன், வெட்டியவன் காவலன். ஆயினும் தான் ஏற்ற அடைக்கலத்தை இழந்துவிட்டேன் என்று மாதரி தீயில் விழுந்தாள் என்பதை நீர்ப்படைக் காதை வழியாக அறிகிறோம். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். உயிர் விடுவதை இக்காலம் போற்றாது, போற்றவும் கூடாது. கருதத் தக்கது, மாதரி சொல்லாமல் விட்ட சொற்கள். "நான் என்ன செய்வேன், நடந்தது அரண்மனையில்" என்று அவள் சொல்லவில்லை. பாண்டியனும், பொற்கொல்லன் சொன்னான், காவலர் செய்தனர் என்று கூறியிருக்கலாம். கூறாமல் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டான்.

இன்று விவரம் கசிந்தபின் வெளிவரும் அறிக்கைகளைப் படித்தால், குத்தகை நிறுவனம் ஒன்றின் கணினியில் தவறு நேர்ந்தது என்பார்கள். எம்முடைய அமைப்பு பாதுகாப்பாகவே உள்ளது என்பார்கள். 2022 மே மாதத்தில், 1940 முதல் 2004 வரை பிறந்த 22.5 மில்லியன் மலேசியரின் விவரங்கள் விற்பனைக்கு வந்திருப்பதாகச் செய்தி பரவியபோது, அவை தேசியப் பதிவிலாகாவிலிருந்து வெளியானவை அல்ல என்று உள்துறை அமைச்சர் மறுத்தார். மறுப்பு மெய்யாகவே இருக்கலாம். ஆனால் தம் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்ட குடிமகனுக்கு அம்மறுப்பில் விடை இல்லை. எங்கிருந்து போயிற்று என்பது காவலர்களுக்கிடையேயான வழக்கு. எது போயிற்று என்பதே உரியவரின் வினா.

சட்டம் மெல்ல இவ்வறத்தை நோக்கி நகர்ந்து வருகிறது. கசிவை உரியவரிடம் அறிவித்தாக வேண்டும் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 2003 ஜூலை முதல் நாளே நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 மே மாதம் முதல் 72 மணி நேரத்திற்குள் மேற்பார்வை அமைப்பிடம் அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. மலேசியாவில் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக 2025 ஜூன் முதல் நாளிலிருந்து அக்கடமை பிறந்தது: ஆணையரிடம் 72 மணி நேரத்திற்குள் சொல்ல வேண்டும், பெருங்கேடு நேரக்கூடுமாயின், அதன்பின் ஏழு நாள்களுக்குள் உரியவரிடமும் சொல்ல வேண்டும், தவறினால் இரண்டரை இலட்சம் ரிங்கிட் வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ உண்டு. ஆனால் கூட்டரசையும் மாநில அரசுகளையும் இச்சட்டம் தொடக்கம் முதலே கட்டுப்படுத்தவில்லை; திருத்தமும் அந்நிலையை மாற்றவில்லை. வேறு வழியின்றித் தம் விவரத்தைக் கொடுத்தாக வேண்டிய இடம் அரசாங்க அலுவலகம் ஒன்றே. தனியார் கடை பிடிக்கவில்லையெனில் அடுத்த கடைக்குப் போகலாம். பதிவிலாகா இன்னொன்று இல்லை. கட்டாயமாக வாங்கும் கைக்கே காப்புக் கடமை மிகுதியாக இருத்தல் வேண்டும். இவ்விடத்தில் சட்டம் தலைகீழாக நிற்கிறது.

உரியவர் செய்யக்கூடியனவும் சில உள. அடையாள அட்டையின் ஒளிநகலைக் கொடுக்கும்போது அதன் குறுக்கே இரு கோடிட்டு, எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று எழுதிக் கொடுத்தல் நன்று. அட்டையையும் வங்கி அட்டையையும் வட்டிக்காரரிடம் அடகாய் வைக்கும் பழக்கம் தோட்டப்புறங்களிலிருந்து ஒழிய வேண்டும். பணம் பறிபோனால் அந்த நொடியே வங்கியையோ மோசடிகளுக்கான தேசிய மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைத்து, பின்னர்க் காவல் நிலையத்தில் புகார் செய்தல் வேண்டும். ஆனால் பலர் புகார் செய்வதில்லை. ஏமாந்தோம் என்று சொல்ல வெட்கப்படுகின்றனர். பிள்ளைகளே, "எப்படி அம்மா நம்பினீங்க?" என்று கேட்டு அவ்வெட்கத்தை வளர்க்கின்றனர். காவலன் சொல்லாமல் விட்டதன் விளைவை உரியவர் தம் மூடத்தனமாக எண்ணி வாய்மூடுகிறார். மௌனம் இவ்வாறு கைமாறிக் கைமாறி அடுத்த ஏமாற்றுக்கு வழி திறக்கிறது.

காவலர் என்றதும் வங்கிகளும் அமைச்சுகளும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. ஒரு தமிழ்ப்பள்ளியின் வகுப்பாசிரியரிடம் இருக்கும் பட்டியலை யாரும் நினைப்பதில்லை. மாணவர் பெயர், பிறப்புப் பத்திர எண், தாய் தந்தையரின் அடையாள அட்டை எண், குடும்ப வருமானம், உதவித்தொகை பெறுவோர் விவரம் எல்லாம் அதில் உண்டு. தோட்ட அலுவலகத்தின் செக்ரோல் புத்தகத்தைவிட அது நிறைவானது. திருத்தங்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று அப்பட்டியலைப் பெற்றோரின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் படமாக இடுவது எளிய பழக்கமாகிவிட்டது. தீய எண்ணம் சிறிதும் இல்லை. வேலை விரைவில் முடிய வேண்டும் என்பதே நோக்கம். தவறு தெரிந்ததும் படம் நீக்கப்படுகிறது. நீக்கியவரின் கைப்பேசியில் அது மறைந்துவிடும். அதற்குள் எத்தனை பேர் அதனைத் தம் கைப்பேசியில் சேமித்தனர், யார் யாருக்கு அனுப்பினர் என்பதை அறிய வழியில்லை. 46.2 மில்லியனுக்குப் பொருந்தும் அறம் முப்பது பெயருக்கும் பொருந்தும். நீக்கிவிட்டோம் என்று அமைவதா, முப்பது வீட்டாருக்கும் சொல்வதா என்பதை அவ்வாசிரியர் அன்று மாலைக்குள் முடிவு செய்தாக வேண்டும். அவ்வீடுகளில் சிலவற்றில் பாட்டி மட்டுமே இருப்பார். எழுத்துவழிச் செய்தி அவருக்குப் பயன்படாது. செம்பனைக் காட்டின் உட்புறத்தில், கைப்பேசி அலை சரியாக எட்டாத வீடு ஒன்றிரண்டு இருந்தால், அங்கே நேரில் போய்த்தான் சொல்ல வேண்டியிருக்கும்.